சூடு தாங்காத கேமரா

அத்தைக்கு வந்த முதல் சம்பந்தம் ஒரு டிஜிட்டல் கேமராவால் கெட்டுப்போனது என்று எங்கள் உறவில் இன்றைக்கும் சொல்வார்கள். அதை வாங்கி வந்தவர் சித்தப்பா என்பதால் கூடவே அவருக்கும் நாலு வார்த்தை கிடைக்கும். கேமராவை வாங்கிய இடத்திலும் அது படம் எடுத்த இடத்திலும் நான் இருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை, நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. மாப்பிள்ளை குவைத்தில் டிரைவர். அந்த நாளில் எங்கள் வடமாலபேட்டைப் பக்கம் குவைத் மாப்பிள்ளை என்றால் கவர்ன்மெண்டு மாப்பிள்ளைக்கு ஒரு படி மேல். ரேணிகுண்டாவில் இருந்த அவருடைய அக்கா வந்து பெண்ணைப் பார்ப்பது, படத்தை இன்டர்நெட் சென்டரிலிருந்து அனுப்பினால் அவர் அங்கேயே பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஸ்டுடியோ படம் மட்டும் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டாராம். ஸ்டுடியோக்காரர்கள் எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரி வெளுக்க வைத்துவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அத்தைக்கு எப்போதாவது வலிப்பு வரும். மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு நின்றிருந்தது. இது வெளியே தெரியக்கூடாது என்பது நைனாவின் உத்தரவு. வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். வெறுங்கையோடு திரும்பினால் அக்கம்பக்கத்தில் சந்தேகப்படுவார்களே என்று ஒவ்வொரு முறையும் ஒரு துண்டாவது வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டில் துண்டுக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை. இப்படி ஒரு ரகசியம் என் பொறுப்பிலும் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சித்தப்பா சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் வேலை பார்த்தார். கோளாறான பொருளை மலிவாக வாங்கி அதோடு மல்லுக்கட்டுவதில் அவருக்கு அப்படியொரு ஆசை. விரித்தால் மடங்காத குடை ஒன்று வைத்திருந்தார். அதை வீட்டுக்குள் கொண்டுவர முடியாமல் வாசலிலேயே கட்டிப்போட்டிருந்தார். யாராவது கேட்டால், மழை வெளியில்தானே பெய்கிறது என்பார். பேச்சில் அவரை ஜெயித்தவர்கள் கிடையாது.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களை வாங்கி விற்கிற கடை இருந்தது. சித்தப்பா அத்தையையும் என்னையும் அங்கே கூட்டிப்போனார். கடைக்காரர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். கேமராவைக் கையில் கொடுத்ததுமே அதன் குற்றங்குறைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

“இந்த மாடலுக்கே ஒரு தகரார் உந்தி சார். சூடு ஏறிச்சின்னா படம் ஊதா கலர்ல கோடு கோடா வரும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. வராமலும் போலாம். பில்லு லேது, வாரண்டி லேது.”

சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை.

“இப்படி எல்லாத்தையும் சொல்லிட்டா யாருங்க வாங்குவாங்க?”

“தெரிஞ்சி வாங்கறவரு எடுத்துகினு போயிடுவாரு அம்மா. தெரியாம வாங்கினவருதான் தெனம் வந்து கடை முன்னால நிப்பாரு. எனக்கு ராத்திரி தூக்கம் வர வேணாமா?”

வழியெல்லாம் சித்தப்பா கேமராவின் அருமை பெருமைகளைப் பேசிக்கொண்டு வந்தார். அத்தை புத்தூர் பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

காலை வெயிலில் எடுத்தால் கேமராவுக்கு ஒன்றும் ஆகாது என்பது சித்தப்பாவின் கணக்கு. பஞ்சாங்கம் அதைக் கெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் கழிந்து ஒன்றரை மணிக்கு மேல்தான் நல்ல நேரம் என்று நைனா சொல்லிவிட்டார். சித்திரை வெயிலில் ஒன்றரை மணி என்றால் எங்கள் பக்கம் காக்காய்கூடப் பறக்காது. சித்தப்பா அசரவில்லை. கேமராவைத் துண்டில் சுற்றித் தூக்குவாளிக்குள் வைத்து மூடி, அந்த வாளியைத் தண்ணீர் அண்டாவில் மிதக்க விட்டார். பெண் பார்க்க வந்த அக்கா குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, அண்டாவில் மிதப்பது என்ன என்று விளக்க முடியாமல் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள்.

வெற்றிலை பாக்கு ஆனதும் படம் எடுக்க எல்லோரும் கொல்லைப் பக்கம் போனோம். நைனா, வெளிச்சம் போதுமா என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மாவும் பின்னாலேயே போனாள். மாமர நிழலில் அத்தையும் அந்த அக்காவும் நின்றார்கள். சித்தப்பா வாளியிலிருந்து கேமராவை எடுத்துத் துடைத்தார். அப்போதுதான் அத்தை சொன்னாள்.

“அக்கா, எனக்கு வலிப்பு இருக்குது. மாத்திரை துன்னுகினுதான் இருக்கேன். வந்து ரொம்ப நாளாவுது. இனிமே வராமலும் போவலாம், வந்தாலும் வரலாம். அவர்கிட்ட சொல்லிடுங்க.”

ஒன்பது வயதுவரை நான் பூட்டிக் காத்ததை அத்தை இப்படிக் கொட்டிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தப்பா லென்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அக்கா மட்டும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ போயி கடையில ஒரு கலர் சோடா வாங்கிகினு வா” என்று சித்தப்பா என்னை விரட்டினார்.

நான் திரும்பி வந்தபோது படம் எடுத்தாகிவிட்டது. சித்தப்பா கேமராவின் குட்டித் திரையை எனக்குக் காட்டினார். கோடு இல்லை, ஊதா இல்லை, மாவிலைகூட மாவிலையின் பச்சையிலேயே இருந்தது. போட்டோ என்றாலே உதட்டை இறுக்கிக்கொள்ளும் அத்தை பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. அண்டாவில் மிதந்த கேமராவுக்கு இத்தனை சாமர்த்தியமா என்று எனக்கு ஒரே பூரிப்பு.

படத்தை அனுப்பிவிட்டேன் என்று சித்தப்பா சொல்லி நாலைந்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டு போனில் செய்தி வந்தது. கேட்டு வந்த அம்மா, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“படமெல்லாம் ஊதாவா வந்துட்டுதாம். பொண்ணு மொகமே தெரியலியாம். சகுனம் சரியில்லன்னு அவங்க வூட்ல வேணாங்கறாங்களாம்.”

நைனா சித்தப்பாவை வைத வசவு தெருமுனைவரை கேட்டது. “கேடு இருக்குதுன்னு தெரிஞ்சே வாங்கியாந்தானே, இவனை என்னா பண்றது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குடைக்கே வாதாடுகிற சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னால்தான் தாங்க முடியவில்லை.

“பொய்யி நைனா. படம் நல்லா இருந்துச்சி. நான் பாத்தேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையின் முகம் வெளிறிப்போயிற்று. நைனா கையை நீட்டி, “எடுத்துகினு வா, பாக்கலாம்” என்றார்.

சித்தப்பா உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்தார். வரும்போதே முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டைவிரலால் எதையோ இரண்டு தடவை அழுத்தினார். பிறகு நைனாவிடம் நீட்டினார். திரையில் ஒன்றுமே இல்லை.

“எல்லாம் ஊதாண்ணா. இருந்து என்னா பண்றது, அழிச்சிட்டேன். கொழந்த என்னாத்த கண்டுது.”

எப்பேர்ப்பட்ட அநியாயம். நல்லபடியாக வேலை செய்த ஒரு கேமராவைச் சொந்தக்காரரே காட்டிக்கொடுத்துவிட்டார். அன்று அதற்காக நான் சோறு தின்னாமல் அழுதேன். சித்தப்பாவோடு வெகுநாள் பேசவில்லை.

நான் கலர் வாங்கப் போயிருந்த நேரத்தில் மாமரத்தடியில் என்ன நடந்தது என்பதை, நான் கல்லூரியில் படிக்கும்போது அத்தைதான் சொன்னாள். தன் அம்மா வலிப்பு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள், காரணத்தைச் சொன்னால் ஊர் முழுக்கப் பரவி உனக்கு வேறு இடமும் அமையாது என்று அந்த அக்கா வருத்தப்பட்டாளாம். சித்தப்பாதான், பழியைக் கேமராமேல் போட்டுவிடுங்கள், அது மானஸ்தன் இல்லை, தாங்கிக்கொள்ளும் என்றாராம். அதைக் கேட்டுத்தான் அத்தைக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவர் படமெடுத்திருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து, எல்லாம் தெரிந்த ஒருவரைத்தான் அத்தை கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாண ஆல்பத்திலும் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

கேமராவுக்காக அத்தனை அழுத எனக்கு, தங்கை சிரித்தபடி இருந்த ஒரே படத்தை ஓர் அண்ணன் தன் விரலாலேயே அழித்தான் என்பது அன்று உறைக்கவே இல்லை.