எதிர்க்கடைப் போணி

செண்பகராஜ் அண்ணாச்சிக்கு வயிற்றெரிச்சல் உண்டு. டாக்டரிடம் காட்டி மருந்து வாங்குகிற வயிற்றெரிச்சல் இல்லை. காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு எதிர்த்தாப்பில் பார்த்தால் வருகிற வயிற்றெரிச்சல். அங்கே கிபாயத்துல்லா பாய் முன்னாடியே கடையைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, ரிப்பன் சுருள்களைக் கம்பியில் தொங்கவிட்டு, போதாக்குறைக்கு ஒரு சிரிப்பும் சிரிப்பார்.

"வாங்க அண்ணாச்சி, இன்னைக்கு லேட்டாயிட்டு போல?"

அவ்வளவுதான். அண்ணாச்சிக்குக் குடித்த காப்பி நெஞ்சுக்கு ஏறிவிடும். மனுசன் சிரித்ததில் என்ன தப்பு என்று கேட்டால், சிரித்ததுதான் தப்பு.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் இடைசெவல் பக்கம். அப்பாவுக்குக் கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும். மழை வருமா வராதா என்று வருசம் பூரா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு தனக்கு ஆகாது என்று பத்தாவதோடு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார். பஜாரில் ஒரு பேன்ஸி கடையில் பொட்டலம் கட்டினார், கணக்குப் பார்த்தார், கடைசியில் முதலாளி இல்லாத நேரம் முதலாளி மாதிரியே உட்கார்ந்தார். முத்துச்செல்வியைக் கட்டின மறுவருசம், தொண்ணூற்று ஒன்றில், காலேஜ் ரோட்டில் கேட்டுக்கு எதிரே சொந்தக் கடை போட்டார். நோட்டு, பேனா, ரெக்கார்டு அட்டை, பொட்டு, வளையல், வாழ்த்து அட்டை. மூன்று வருசம் அந்த ரோட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

நாலாம் வருசம் பாய் வந்தார். அதே சாமான், அதே ரோடு, நேர் எதிர்க்கடை. நாட்டில் வேறு இடமா இல்லை? அண்ணாச்சி பொங்கல் வாழ்த்து அட்டையைக் கயிற்றில் கட்டினால், பாய் அதையே குடை மாதிரி விரித்துத் தொங்கவிடுவார். அண்ணாச்சி மதுரையிலிருந்து புதுத் தினுசு கம்மல் இறக்கினால், மறுநாள் பாய் கடையில் அது ரெண்டு கலரில் இருக்கும். காலேஜ் விட்டதும் பிள்ளைகள் கேட்டைத் தாண்டி வருவார்கள். வந்து, நடு ரோட்டில் ஒரு நிமிசம் நிற்பார்கள். அந்த ஒரு நிமிசம் அண்ணாச்சிக்கு உயிர் போய் உயிர் வரும். அப்புறம் மொத்தமாகப் பாய் கடைக்குள் போய்விடுவார்கள்.

"என்ன வசியம்டி வச்சிருக்கான் அவன்?" என்று முத்துச்செல்வியிடம் குமுறுவார்.

"வசியமும் இல்ல, வாழக்காயும் இல்ல. மழ பேஞ்சா அவிய வாசல்ல சாக்கு விரிச்சுப் போடுதாவ. நீங்க, கால உதறிட்டு வா, கால உதறிட்டு வான்னு கரையுதீங்க. கரிசல் மண்ணு உதறுனா விழுகிற மண்ணா?"

அண்ணாச்சி காதில் இதெல்லாம் ஏறுமா? அவருக்கு வேறு காரணம் தெரியும். அந்தக் காரணத்துக்குப் பேர் வெயிலுமுத்து.

வெயிலுமுத்து நூல் மில்லில் நைட் ஷிப்ட். காலையில் ஷிப்ட் முடிந்து காலேஜ் ரோடு வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பார். தலையில் பஞ்சு, கண்ணில் தூக்கம், வாயில் பீடி. பார்த்தால் சாதாரண ஆள். ஆனால் அவர் கை இருக்கிறதே, அது ராசியான கை. அன்றைய முதல் போணியை அவர் பண்ணினால் ராத்திரி வரைக்கும் கடையில் கூட்டம் குறையாது என்று அந்த ரோடு முழுக்க நம்பிக்கை. அவர் வீடு இருப்பது பாய் கடைப் பக்கம். அதனால் பாய் கடையில்தான் ஒரு அட்டை ஊக்கு வாங்குவார். தினமும் ஊக்கு. வெயிலுமுத்து வீட்டில் கிழிந்த சேலை வேட்டி எல்லாவற்றையும் தைக்காமலே குத்திக் கட்டலாம், அவ்வளவு ஊக்கு கிடந்தது.

செண்பகராஜ் அண்ணாச்சியின் கைக்கும் ஒரு பேர் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கதை நிற்காது. சிவனாண்டி ஜூஸ் கடை திறந்தபோது, மூத்த கடைக்காரர் என்று அண்ணாச்சியைத்தான் முதல் போணி பண்ணச் சொன்னார்கள். ஒரு லெமன் ஜூஸ் குடித்தார். அந்த வாரமே மிக்ஸி புகைந்தது, அடுத்த மாதம் கடையே இல்லை. பிறகு லிங்கராஜ் ஸ்டுடியோவில் முதல் போட்டோ அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். கேமராவுக்குள் பிலிம் சிக்கிக்கொண்டது. அதற்கப்புறம் காலையில் அவர் எந்தக் கடைப் படியை மிதித்தாலும், "இன்னும் சாமி கும்பிடல அண்ணாச்சி, செத்த கழிச்சு வாங்களேன்" என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமா என்ன, மனுசனுக்குத் தெரியாதா?

இப்படியே போயிருந்தால் வயிற்றெரிச்சலோடு போயிருக்கும். ரெண்டாயிரம் பிறந்த மறுவருசம் காலேஜில் பைபாஸ் பக்கம் புதுக் கட்டடம் கட்டி, புதுக் கேட்டும் வைத்தார்கள். பழைய கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். டவுன் பஸ்ஸும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு கேட்டைப் பூட்டினால் ஒரு ரோடு சாகுமா? செத்தது. லிங்கராஜ் கேமராவைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் போனார். ஜெராக்ஸ் கடை போனது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போனது. கேட்டுக்கு உள்ளே வேலிக்கருவை முளைத்துக் கம்பிக்கு வெளியே தலை நீட்டியது. கடைசியில் மிஞ்சினது ரெண்டு கடை, எதிரும் புதிரும்.

அந்தக் காலத்திலும், பொட்டு வாங்க, ரப்பர் வாங்க என்று தெருப் பொம்பளைகள் நாலு பேர் வந்தால் மூணு பேர் பாய் கடைக்குத்தான். அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. ரோடே செத்துக்கிடக்கு, இவனுக்கு மட்டும் எங்கிருந்து வருது? கைதான், அந்தக் கைதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் விடிகாலை மில் கேட்டுக்கே சைக்கிளில் போய் நின்றார். வெயிலுமுத்துவுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். பிள்ளை எப்படி இருக்கா, மாப்பிள்ளை எப்படி இருக்காரு என்று ஒருநாளும் இல்லாத விசாரிப்பு.

"என்ன அண்ணாச்சி, விசயத்தச் சொல்லுங்க" என்றார் வெயிலுமுத்து.

"இனிமே ஊக்கு நம்ம கடையில வாங்கும்வே."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் சைக்கிள் மிதிச்சீய? ஊக்கு எங்க வாங்குனா என்ன?"

அன்றிலிருந்து வெயிலுமுத்து ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார். என்ன ஆச்சரியம், ஒரு மாதத்தில் பாய் கடை படுத்துவிட்டது! பைபாஸ் கேட்டுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்டுப் பெரிய பேன்ஸி கடை ஒன்று வந்திருந்தது, தெருப் பொம்பளைகளும் அங்கே போகப் பழகிவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த சங்கதி. அண்ணாச்சி மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கணக்கில் அது கை செய்த வேலை. தன் கடையிலும் ஈ ஆடவில்லையே என்று ஒரு வருத்தம்? மூச். பாய் உட்கார்ந்து ஈ விரட்டுவதைப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டார். ஏழெட்டு வருசத்தில் அப்படிச் செரித்ததில்லை.

இந்தச் சுகம் ரெண்டு வருசம் போனது. ஒரு ஏப்ரல் மாதம், முத்துச்செல்வி சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஷாஹினா சொல்லுச்சு. மேலப்பாளையத்துல அவ தம்பி கடையோட சேந்துக்கிடப் போறாவளாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சதும் கிளம்புதாவ."

"யாரு?"

"யாரா? ஷாஹினா வீட்டுக்காரரு, உங்க எதிரி. இனி நிம்மதியா இருங்க."

அண்ணாச்சி தூக்கைத் திறக்காமலே ஓரமாகத் தள்ளி வைத்தார். நியாயமாகப் பார்த்தால் தேங்காய் உடைத்திருக்க வேண்டும்.

மறுநாள் பாய் மேலப்பாளையத்தில் கடை பார்க்கப் போயிருந்தார். எதிர் ஷட்டர் மூடிக் கிடந்தது. அண்ணாச்சி தன் ஷட்டரைத் தூக்கினார், திரும்பினார், பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. ரிப்பனைத் தொங்கவிடலாமா என்று யோசித்தார். யாருக்காக? புது வளையல் பெட்டி வந்து கிடந்தது, பிரிக்கவில்லை. வாசலில் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. இத்தனை வருசம் அந்த மனுசனைவிட ஒரு நிமிசம் முந்தித் திறக்க வேண்டும் என்றுதான் எழுந்திருந்தோம், அவனைவிட ஒரு தினுசு கூட வைக்க வேண்டும் என்றுதான் மதுரைக்கு ஓடினோம் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. பாய் போய்விட்டால் இந்த ரோட்டில் தான் ஒருத்தன் மட்டும், பூட்டின கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நினைக்கவே பயமாக இருந்தது.

அந்தப் பயத்தோடு இன்னொன்றும் அரித்தது. நாமதானே போணியைத் திருப்பினோம்? நாமதானே அவன் பிழைப்பைக் கெடுத்தோம்?

ஓடினார் வெயிலுமுத்து வீட்டுக்கு. "ஊக்கைப் பழையபடி பாய் கடையிலயே வாங்கும்வே" என்று சொல்லத்தான். வீடு பூட்டியிருந்தது. மில்லில் கணக்கு முடித்துக்கொண்டு, கழுகுமலையில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். நாலு நாளாக அவர் ஊக்கு வாங்க வராததையே அண்ணாச்சி கவனிக்கவில்லை.

நடுவில் காலேஜ் அட்டெண்டர் குருசாமி ஒரு சேதி கொண்டுவந்தார். "அண்ணாச்சி, ஜூன்லருந்து பழைய கட்டடத்துல பொம்பளப் பிள்ளையளுக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் வருதாம். பழைய கேட்டத் தெறக்கப் போறாவ. டவுன் பஸ்ஸும் இங்கன நிக்கும்னு பேச்சு."

எதிர்க்கடையில் இருந்தபடியே பாய் அதைக் கேட்டுச் சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை. "போன வருசமும் இதத்தான் சொன்னீய குருசாமி. நான் மச்சினனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

மே மாதக் கடைசியில் பாய் கடை வாசலில் மினி லாரி வந்து நின்றது. கடைக்குள் எல்லாச் சாமானும் அட்டைப் பெட்டியில் போட்டு, சணல் கயிறு கட்டி, முதல் பெட்டியைத் தூக்கவேண்டியதுதான் பாக்கி. செண்பகராஜ் அண்ணாச்சி ரோட்டைத் தாண்டினார். பத்து வருசத்தில் அந்தப் படியில் அவர் கால் வைத்ததே இல்லை.

"ஒரு அட்டை ஊக்கு குடுங்க பாய்."

பாய் திகைத்துப் பார்த்தார். "சாமானெல்லாம் கட்டியாச்சே அண்ணாச்சி."

"அவுத்துக் குடுங்க. நான் போணி பண்ண வந்திருக்கேன்."

"கடைய எடுக்கிற அன்னைக்குப் போணியா?"

"எடுக்காதீங்க." அண்ணாச்சிக்குக் குரல் உடைந்தது. கோபம் மாதிரிதான் வெளியே வந்தது. "நீங்க பாட்டுக்குப் போயிட்டா நான் யாரப் பாத்து கடை தெறக்க? யாரப் பாத்து வயிறெரிய? ஜூன் வரைக்கும் இருங்க. கேட்டு தெறக்கலன்னா நானே வந்து பெட்டிய லாரியில ஏத்திவிடுதேன். இப்ப ஊக்கக் குடுங்க."

டிரைவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். பாய் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் நீட்டியிருந்த கையைப் பார்த்தார். அந்தக் கையின் பேர் அவருக்குத் தெரியாததா? ஜூஸ் கடையும் ஸ்டுடியோவும் அவர் கண் முன்னாடி நடந்ததுதான். ரொம்ப நேரம் பார்த்தார். அண்ணாச்சிக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் கையை இழுக்கவில்லை.

"சரி போங்க," என்று பாய் சிரித்துவிட்டார், "இதுக்கு மேல கெட என்ன இருக்கு?" குனிந்து ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். அதில் வளையல் இருந்தது. இன்னொன்றை அவிழ்த்தார், அதில் நோட்டு. ஊக்கு கிடைப்பதற்குள் பாதிப் பெட்டி பிரிந்துவிட்டது. அட்டையைக் கொடுத்து, காசை வாங்கி, "பிஸ்மில்லா" என்று சொல்லிக் கல்லாவில் போட்டார். லாரி வெறுமனே திரும்பிப் போனது.

ஜூன் வந்தது. கேட்டுச் சங்கிலி துருப்பிடித்திருந்ததால் குருசாமி ரம்பம் வைத்து அறுத்தார். வேலிக்கருவையை வெட்டிப் போட்டார்கள். டவுன் பஸ் ஒன்று வந்து பழைய இடத்தில் நின்றது, திபுதிபுவென்று பிள்ளைகள் இறங்கினார்கள். பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. இது நிலைக்குமா, அடுத்த வருசம் மறுபடியும் பூட்டுவார்களா, யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த ரோடு அத்தனை செருப்புச் சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சாயங்காலம் கிளாஸ் விட்டது. பிள்ளைகள் கேட்டைத் தாண்டி வந்து நடு ரோட்டில் ஒரு நிமிசம் நின்றார்கள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிள்ளைகள் மொத்தமாகப் பாய் கடைக்குள் போய்விட்டார்கள்.

வளையலும் பேனாவும் போக, செல்போன் ரீசார்ஜ் கார்டும் வைத்திருந்தார் பாய். எப்போது வாங்கி வைத்தாரோ, படுபாவி! அண்ணாச்சிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பழைய இடம், பழைய சூடு.

"என்ன முகம் கறுத்துப் போச்சு?" என்றாள் கடைக்கு வந்திருந்த முத்துச்செல்வி. "நீங்க போணி பண்ணுன கடைல்லா, ஓடாம என்ன செய்யும்?"

அண்ணாச்சி வெடுக்கென்று திரும்பினார். ஆமாம், அது தன் கை! தனக்கு ஒருநாளும் உதவாத கை, ஊர் பூரா ஒதுக்கின கை, ராசி காட்டப் போன இடம் அந்த எதிர்க்கடையா? சந்தோசப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இருந்திருந்து, கல்லாவுக்கு அடியில் மடித்துக் கிடந்த சாக்கை எடுத்து உதறி வாசலில் விரித்தார். மழை ஒன்றும் இல்லை, சும்மா விரித்தார்.

மறுநாள் காலை, பாயைவிட முந்திவிட வேண்டும் என்று சீக்கிரமாக வந்து ஷட்டரைத் தூக்கினார். எதிரே பாய் அதற்கும் முன்னாடி வந்திருந்தார். தண்ணீர் தெளித்தாகிவிட்டது, ரிப்பன் தொங்குகிறது, ஆனால் கடைக்கு வந்த ஒரு பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

"செத்த நில்லும்மா, இன்னும் போணி ஆகல" என்று அவளிடம் சொல்லிவிட்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் கை காட்டிக் கூப்பிட்டார். "அண்ணாச்சி! உங்க கைக்குத்தான் காத்திருக்கேன். வந்து ஆரம்பிச்சு வைங்க."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் குடித்த காப்பி நெஞ்சுக்கு ஏறியது. செண்பகராஜ் அண்ணாச்சி சட்டைப் பையில் ஊக்குக்குச் சில்லறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, வயிறெரிய ரோட்டைத் தாண்டிப் போனார்.