சாரத்துக்கு வந்த டிரோன்

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு வேலை. நானும் என் தங்கை புருஷனும் ஒரே சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தோம். உறவுக்கு முன்பே நாங்கள் கூட்டாளிகள். அவன் பூசிய சுவரில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாலும் மேடு பள்ளம் தெரியாது.

வீடு வாங்கியவர்களுக்குக் காட்டுவதற்காக மாதாமாதம் டிரோன் விட்டுப் படம் எடுப்பார்கள். அது பறக்கும்போது சாரத்தில் ஆள் இருக்கக் கூடாது என்று கேட்டிலேயே பலகை மாட்டியிருந்தது. அந்த மாதம் டிரோனைக் கிளப்பும்போது சூப்பர்வைசரிடம் மேலிருந்தே கேட்டேன்.

"சார், எறங்கிடவா?"

"வேலை நடக்கிற மாதிரி தெரியணும். நீங்க பாட்டுக்குப் பூசுங்க."

ஏரிப்பக்கமிருந்து வந்த பருந்து ஒன்று டிரோன் மேல் பாய்ந்தது. அடிபட்ட டிரோன் சாய்ந்து, எங்களை நோக்கி வந்தது.

"மாப்ள, குனி!" என்று கத்தினேன். அவன் குனியாமல், என்ன சத்தம் என்று திரும்பினான்.

பெல்ட் மாட்டியிருந்ததால் விழவில்லை. முகத்தைப் பொத்தியபடி பலகையில் உட்கார்ந்துவிட்டான். விரல் இடுக்கெல்லாம் ரத்தம்.

"கண்ணு எரியுது மச்சான். சிமெண்ட்டு பட்டுச்சா பாரு."

சிமெண்ட் இல்லை. டிரோனின் சுழல் இறக்கை கண்ணைக் கிழித்திருந்தது.

வலது கண்ணில் இனி பார்வை வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டிரோன் ஓட்டியவர் வராந்தாவில் நின்று அழுதார். "பறவை வந்தா நான் இன்னாண்ணே பண்றது?" என்றார். கட்டடக் கம்பெனியிலும் அதையேதான் சொன்னார்கள். பருந்தின் மேல் யார் போய் வழக்குப் போடுவது?

புண் ஆறியதும், எனக்கு லீவு கிடைத்த ஒரு நாள், திருநின்றவூரில் ஒரு சின்ன வீட்டு வேலைக்கு அவனைக் கூட்டிப் போனேன். தரையில் நின்று பூசும் வேலைதான். கரணையில் அள்ளி வீசிய கலவை சுவரைத் தொடாமல் காலடியில் விழுந்தது. மறுபடியும் வீசினான். இந்த முறை கரணையே சுவரில் மோதியது.

"ஒத்தக் கண்ணுல சொவரு எவ்ளோ தூரத்துல கீதுன்னே தெர்ல மச்சான்" என்று மெதுவாகச் சொன்னான். கரணையைக் கழுவி என் பையில் போட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

பருத்திப்பட்டில் மறுபடியும் டிரோன் பறந்தது. நான் மட்டும் இறங்கி நின்றேன். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

இப்போது தங்கை திருமழிசையில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். ஞாயிறு அன்றும் அவளுக்கு ஷிப்ட் உண்டு. அன்று போய்க் கதவைத் தட்டுவேன். "தூங்கிகினு கீறேன் மச்சான், அப்பால வா" என்று உள்ளேயிருந்து அவன் குரல் கேட்கும். திரும்பி வந்துவிடுவேன்.