அக்கா அனுப்பிய வசனங்களும் நான் கேட்காமல் சொன்ன ஆமென்களும்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் அன்பான ஸ்தோத்திரம். மலர் என்றால் மரியாதையாக எழுத வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே 'வந்தார், சொன்னார்' என்றே எழுதுகிறேன். உயிரோடு இருந்த நாளில் ஒரு தடவையாவது அப்படிப் பேசியிருந்தால், அக்கா என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்திருப்பார்.

அக்கா தென்தமிழகத்து நாசரேத் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவுக்குச் செகந்திராபாத்தில் வேலை கிடைத்ததால் நாலு வயதில் அங்குள்ள லோத்குண்டாவுக்கு வந்தார். நானும் தங்கையும் இங்கேயே பிறந்தோம். தங்கை பிறந்தபோது அக்கா பத்தாம் வகுப்பு. அம்மாவுக்கு உடம்பு தேற ஒரு வருடம் ஆயிற்று. அந்த வருடம் முழுக்க அக்கா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார், குழம்பும் வைத்தார். குழம்பு அப்போதும் சுமார்தான், பிறகும் சுமார்தான். கணக்கு மட்டும் நன்றாக வந்தது. பொறியியல் படித்து, நகரின் மறுகோடியில் உள்ள கச்சிபௌலியில் வேலைக்குச் சேர்ந்து, அத்தானை மணந்து அதன் பக்கத்திலேயே கொண்டாப்பூரில் குடியேறினார்.

நான் நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனபோது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை. பையன் படிப்பானா என்பதல்ல, கோயிலுக்குப் போவானா என்பது. எங்கள் ஊரில் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். யாராவது என்னைக் கேலி செய்து, விசுவாசத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று அம்மா பயந்தார்கள். உண்மையில் யாரும் என்னைக் கெடுக்கவில்லை. அறைத் தோழர்கள் நல்லவர்கள். ஞாயிறு காலையில் தூக்கம் இனித்தது, அவ்வளவுதான். முதலில் ஒரு ஞாயிறு விட்டது, பிறகு ஒரு மாதம் விட்டது. சாப்பிடும் முன் கண்மூடி ஜெபிக்க வெட்கமாகி, நெற்றியைச் சொறிவதுபோல் இரண்டு விநாடியில் முடித்துக்கொள்வேன். ஒருமுறை கொண்டாப்பூர் வீட்டில் பழக்கதோஷத்தில் அப்படியே செய்தேன். அக்கா தோசைக் கரண்டியோடு நின்று பார்த்தார்.

"என்னல, தலையில பேனா?"

அடுத்த நாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வாட்ஸப்பில் அக்காவின் குரல் வரத் தொடங்கியது. ஒரு வசனம், அதைப் பற்றி நாலு வார்த்தை, சின்ன ஜெபம். இரண்டு நிமிடத்துக்குக் குறையாது. எங்கள் குடும்பங்களில் ஜெபத்துக்கு ஆமென் சொல்லாமல் இருப்பது, பெரியவர்கள் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் போவதைப்போல. ஆகவே நான் ஒழுங்காக 'ஆமென்' என்று அடித்துக் கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டு அனுப்பிவிடுவேன். முதல் வாரம் கேட்டேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். ஆமென் மட்டும் தவறவில்லை.

மூன்றாம் வருடத்தில் ஒரு நாள் சிற்றுண்டி வரிசையில் நிற்கும்போது வழக்கம்போல் பதிவு வந்தது. வழக்கம்போல் ஆமென் போட்டேன், கைகூப்பும் படத்தோடு. சாயங்காலம் அத்தான் கூப்பிட்டார்.

"மாப்ள, அக்கா காலைல பேசுனத கேட்டீங்களா?"

"கேட்டேன் அத்தான்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"ஒண்ணுமே கேக்காம வெறும் ஆமென் போட்டிருக்கீங்களேன்னு…" என்று இழுத்து, அத்தான் போனை வைத்துவிட்டார்.

விடுதித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் கேட்டேன்.

"தம்பி, இன்னைக்கு வசனம் இல்லல. நேத்து ரிப்போர்ட் வந்துட்டு. புற்றுநோய்னு சொல்லுதாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. எனக்கு ஜெபம் பண்ணவே வரமாட்டேங்கு, பயமா இருக்கு. நீ எனக்காக ஒரு ஜெபம் பண்ணுதியா?"

அதற்குத்தான் நான் ஆமென் போட்டிருந்தேன்.

அப்படியே பஸ் ஏறினேன். கச்சிபௌலிக்கு முன்னால் வண்டிகள் நகரவே இல்லை. அந்த நெரிசலில் உட்கார்ந்து, கேட்காமல் விட்ட பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றில் குக்கர் விசில் அடித்தது. ஒன்றில் அக்காவுக்கு ஜலதோஷம். ஒன்றில் அலுவலகத்துக்குப் போகும் வண்டியிலிருந்து பேசுகிறார். ஜெபத்தின் நடுவே டிரைவர் "மேடம், லெஃப்டா ரைட்டா?" என்று கேட்க, அக்கா "ரைட் தீஸ்கோண்டி" என்று தெலுங்கில் வழி சொல்லிவிட்டு அதே மூச்சில் ஆண்டவரிடம் திரும்பி, என் செமஸ்டர் தேர்வுக்காக மன்றாடுகிறார். அந்தத் தேர்வில் நான் தேறியதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அழுதேன், வெட்கமாகவே இல்லை.

அக்காதான் கதவைத் திறந்தார்.

"வால, ஆமென்" என்று சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

"அக்கா, நான் ஒண்ணுகூட கேக்கல. சும்மா ஆமென் போட்டேன்."

"தெரியும்ல. ரெண்டு நிமிஷம் பேசுனா ரெண்டு செகண்டுல பதில் வருது. எனக்குக் கணக்கு தெரியாதா?"

"தெரிஞ்சுமா மூணு வருசம் அனுப்புன?"

அதற்கு அக்கா சொன்னதை இதுவரை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இன்று எல்லோருக்கும் சொல்கிறேன், அக்கா மன்னிப்பார்.

"நான் காலேஜ் ரெண்டாம் வருசத்துலயே ஜெபத்த விட்டுட்டேம்ல. கோயிலுக்கு வருவேன், பாடுவேன், உள்ள ஒண்ணும் கெடையாது. வேலைக்குப் போன பொறவும் அப்படித்தான். அன்னைக்கு நீ நெத்தியச் சொறிஞ்சப்போ என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. உனக்கு அனுப்பணுமேன்னுதான் நான் வேதத்தையே தொறந்தேன். நீ கேக்கலன்னாலும் ஆமென் வருதுல்லா, நாளைக்கும் ஒண்ணு எடுக்கணும்லா. அப்படியே படிச்சிப் படிச்சி எனக்குத் திரும்பி வந்துட்டு."

எங்கள் குடும்பத்திலேயே அசையாத விசுவாசி அக்காதான் என்று எண்ணியிருந்தேன். என் பொய் ஆமென்களைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வந்திருக்கிறார் என்பது எனக்குத் தாங்கவில்லை.

"இப்ப நீ பண்ணு" என்றார். இருவரும் சோபாவுக்கு முன்னால் முழங்காலிட்டோம். "கர்த்தாவே, எங்க அக்கா…" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து, பக்கத்திலிருந்து அக்காவின் குரல் "ஆமென்" என்றது. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று சொல்வேன்.

கல்லூரியின் கடைசி வருடம் நான் ஒரு ஞாயிறும் தவறவில்லை. விடுதியில் நெற்றியைச் சொறியாமல், கண்ணை மூடியே ஜெபித்துச் சாப்பிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அறைத் தோழன் ஒருவன், தேர்வு நாளில் "எனக்கும் சேர்த்துச் சொல்லு" என்றான், அவ்வளவுதான். இதற்காகவா மூன்று வருடம் ஒளிந்தேன் என்று இருந்தது.

அக்கா அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் இருந்தார். முடி கொட்டியது, மறுபடி சுருட்டையாக முளைத்தது. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மருந்தின் களைப்பில் குரல் எழாத நாட்களிலும் வசனம் வந்தது, சில நாள் ஒரே வரியாக. கடைசி மாதத்தில் நான்தான் வாசித்தேன், அவர் உதடு மட்டும் அசைத்தார். ஒரு விடியற்காலையில் அதுவும் நின்றது. எனக்கு அக்கா வேண்டும். அவர் நல்ல இடத்தில் இருக்கிறார் என்று நம்புகிறேன், ஆனாலும் எனக்கு அக்கா வேண்டும்.

ஐந்து வருடமும் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்ட அத்தானுக்கு இந்தக் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு முன்பே இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அக்காவின் அலுவலக நண்பர்கள், மருந்தோடு ஆறுதலும் தந்த மருத்துவர்கள், செவிலியர்கள், எங்கள் பாஷை புரியாவிட்டாலும் தினமும் ரசம் கொண்டுவந்த எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா, எந்நேரமும் வந்து ஜெபித்த போதகர் ஐயா, சபையார், ஊரிலிருந்து ரயிலேறி வந்த சொந்தங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. உங்கள் அன்பைக் கர்த்தர் நினைத்தருளுவார்.

தங்கை இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் இருக்கிறாள். காலை ஏழு மணிக்கு நான்தான் அவளுக்கு அனுப்புகிறேன். இரண்டு விநாடியில் ஆமென் வருகிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையை அவளுக்கு அனுப்பினேன். "அண்ணா, எனக்கு தமிழ் ரீடிங் ஸ்லோ கதா, வாய்ஸ் நோட் போடு ப்ளீஸ்" என்று தெலுங்கு கலந்து கெஞ்சினாள். நன்றி சொல்லும் இடம் வரை முழுவதையும் வாசித்துப் பதிவு செய்து அனுப்பினேன். பதினோரு நிமிடம். இரண்டு விநாடியில் 'ஆமென்' வந்தது, கைகூப்பும் படத்தோடு. சிரித்துக்கொண்டே போனைக் கீழே வைத்தேன்.

கால்மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை, அழுகை மட்டும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, நாளைக்கு வசனம் நான் அனுப்பட்டா?"

"ஆமென்" என்றேன்.