சத்தத்தை நிறுத்திப் பார்த்த பாட்டு

ஜெயஷீலா டீச்சருக்குச் சினிமா பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு ஊரில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் அவர் சினிமாவையே வெறுக்கிறவர் என்றுதான் பேசினார்கள். கோவில்பட்டியில் புதுப்படம் வந்தால் முதல் வாரமே கணவர் செலஸ்டினோடு போய்விடுவார். வேலை புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில். பெரிய வகுப்புகளுக்குத் தமிழ் எடுத்தார். பஸ் ஜன்னலுக்கு வெளியே உளுந்தும் மக்காச்சோளமும் ஓட, காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

பள்ளியில் சினிமா மன்றம் என்று ஒன்று இருந்தது. ப்ரொஜெக்டரைத் தூக்கி வைத்து, ஜன்னலுக்கு வேட்டி கட்டி, பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிற வேலை என்பதால் யாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெயஷீலா கேட்டு வாங்கினார். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை கட்டுரையில், ‘வேண்டாம் என்று சொன்னாலும் விடாமல் பின்னால் வருவதே உண்மையான அன்பு’ என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதைத் திருத்தச் சிவப்புப் பேனாவால் ஆகாது என்று அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை கடைசி மணி. முதலில் கரிசல் ஊரைக் காட்டுகிற ஒரு படத்திலிருந்து ஒரு துண்டு போட்டார். “இந்தப் படத்துல நம்ம பக்கத்து ஆள்க எல்லாரும் ஏன் அரிவாளோடயே அலையுதாங்க?” என்று கேட்டார்.

கிருஷ்ணராஜ் என்கிற பையன் எழுந்தான். “எங்க ஐயா அரிவாள எடுக்கது வேலிக்கருவ வெட்டத்தான் டீச்சர். அதுவும் எங்க அம்மா நாலு தடவ ஏசுன பெறவு.”

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தார்கள். இந்தக் கதையை யார் சொல்கிறார்கள், யார் வாயைத் திறக்கவே இல்லை, கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டைப் போட்டார். பஸ் நிறுத்தத்திலிருந்து கல்லூரி வரைக்கும், கல்லூரியிலிருந்து கோயில் வரைக்கும் கதாநாயகன் ஒரு பெண்ணின் பின்னால் போகிறான். பையன்கள் மேஜையில் தாளம் போட்டார்கள். முடிந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு அதையே மறுபடி ஓட்டினார். தாளம் நின்றுபோனது.

“இப்ப அவன் என்ன செய்யுதான்?”

“பின்னாடியே போறான் டீச்சர்.”

“அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தீங்களா?”

“பயந்துபோயி இருக்கு.”

“அப்ப பாட்டு என்ன வேல செய்யுது?”

கிருஷ்ணராஜ்தான் சொன்னான். “அந்தப் பயத்த மூடுது.”

பதினெட்டு வருட வேலையில் அப்படி ஒரு பதிலை ஜெயஷீலா கேட்டதில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பூரித்து நின்றபோது, நடு வரிசையில் வெயிலுகந்தம்மாள் எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். வெயிலு என்று கூப்பிடுவார்கள்.

“எனக்கும் தெனமும் ஒருத்தன் இப்பிடித்தான் வாரான் டீச்சர். பாட்டுதான் இல்ல.”

பெயரையும் சொன்னாள். பாண்டிராஜ். அவளுடைய அத்தை மகன், லோடு வண்டி ஓட்டுகிறவன்.

ஜெயஷீலா தலைமையாசிரியர் சாமுவேல்ராஜிடம் போனார். “நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அவர். பார்த்துக்கொண்ட விதம் இதுதான்: வெயிலுவின் தகப்பனார் அழகிரிசாமியை வரவழைத்து, பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் விஷயத்தை உடைத்தார். அதற்குள் வகுப்புப் பிள்ளைகளும் அதை ஆளுக்கொரு விதமாக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

“மொறப்பையன்தான? இதப் போயி பள்ளிக்கூடத்துல சொல்லுவாளா ஒருத்தி?” என்றது ஊர்.

அடுத்த வாரம் பாண்டிராஜ் ஒரு ரீல்ஸ் போட்டான். புத்தகப் பையோடு நடந்து போகிற வெயிலுவின் முதுகு. வண்டியில் உட்கார்ந்தபடி, அவளுக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்தது. பின்னால் ஒரு சோகப்பாட்டு. மேலே எழுத்து: ‘ஒரு டீச்சர் பிரித்த காதல்.’ நாகலாபுரம், கடம்பூர், கோவில்பட்டி என்று அது சுற்றியது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் அழுகிற பொம்மை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாதாகோயிலை விட்டு வெளியே வந்த ஜெயஷீலாவிடம் சபைக்காரப் பெண் ஒருத்தி, “பாவம்லா அந்தப் பையன், ஏன் டீச்சர் இப்பிடிச் செஞ்சீங்க?” என்று கேட்டாள்.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் கிருஷ்ணராஜும் இருந்தான். ஜெயஷீலா அவனை வராந்தாவில் நிறுத்தினார்.

“ஏலே, நீயுமா?”

அவன் தரையைப் பார்த்தான். “பாட்டு நல்லா இருந்துச்சு டீச்சர்.”

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்தார். அடுத்த வகுப்பு மணி அடித்தும் எழுந்திருக்க முடியவில்லை.

போலீசுக்குப் போகலாம் என்றார். “பள்ளிக்கூடத்துப் பேரு என்ன ஆவும்?” என்றார் சாமுவேல்ராஜ். ஜெயஷீலாவே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். தகப்பன் புகார் இல்லை என்று சொல்லிவிட்டதால் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். வெயிலு பள்ளிக்கு வருவது நின்றது.

ஜெயஷீலா அவள் வீட்டைத் தேடிப் போனபோது அழகிரிசாமி ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு, கடைசி ஆட்டையும் உள்ளே தள்ளிப் படலைச் சாத்திய பிறகுதான் பேசினார்.

“திருப்பூருக்கு அனுப்பிட்டேன். அவ சித்தி அங்கன பனியன் கம்பெனியில இருக்கா.”

“பரீட்சைக்கு ஒரு மாசந்தான இருக்கு அண்ணாச்சி!”

“தெரியும் டீச்சர். அவனக் கண்டிச்சா எங்க அக்கா வீட்டுவாசல் எனக்கு இல்லன்னு ஆயிரும். கேசு குடுத்தா ஊருல ஒருத்தன் எங்கூட நிக்க மாட்டான். இப்ப அக்கா வீட்டுல அவிய, பிள்ளைய அவனுக்கே கட்டிக்குடுன்னு நிக்காவ. எம் பிள்ளைய அனுப்பத்தான் எனக்கு முடிஞ்சுது.”

அவர் மேல் கோபப்படத்தான் ஜெயஷீலா போயிருந்தார். கோபம் வரவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சினிமா மன்றம் கலைக்கப்பட்டது. பாண்டிராஜை ஊர் ஊராக அடையாளம் கண்டார்கள். புதூரில் ஒரு செல்போன் கடைத் திறப்புக்கு அவனைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொன்னார்கள். ஆவணியில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆனது. அழுகிற பொம்மை போட்டவர்களே வாழ்த்தும் போட்டார்கள்.

அதற்கு முன்பே, கோடை விடுமுறையில், ஜெயஷீலா திருப்பூர் போயிருந்தார். கையில் கடம்பூர் போளியும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களும். வரிசை வீடுகளில் ஒன்றில் வெயிலு இருந்தாள். மெலிந்திருந்தாள். ‘வாங்க டீச்சர்’ என்று சிரித்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“தனியாப் பரீட்ச எழுதலாம்ட்டி. நான் ஏற்பாடு செய்யுதேன்.”

“வச்சிட்டுப் போங்க. வேல முடிஞ்சு வந்தா கண்ணு சொக்குது.”

பிறகு வெயிலுதான் கேட்டாள். குரலில் சண்டை இல்லை, வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரியே இருந்தது.

“பாட்டு இல்லாமப் பாருங்கன்னு சொல்லித் தந்தீங்க. பாத்தேன். பாத்தத எந்திரிச்சுச் சொல்லவும் செஞ்சேன். சொன்ன பெறவு என்ன செய்யணும்னு ஏன் டீச்சர் சொல்லித் தரல?”

அதைப் பற்றி ஜெயஷீலா யோசித்ததே இல்லை. உள்ளிருந்து சித்தி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சத்தம் கொடுத்தாள். வெயிலு போளிப் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்து அறைப் பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, டீச்சரைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டாள்.

ஜெயஷீலா இப்போதும் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறார். இலக்கணம் நடத்துகிறார், செய்யுள் நடத்துகிறார், பாடத்தைத் தாண்டி எதுவும் பேசுவதில்லை. இந்த வருடம் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மணி அடித்த பிறகும் போகாமல் நின்றாள். ஏதோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். ஜெயஷீலா முதலில் எழுந்து போய் வகுப்புக் கதவைச் சாத்தினார். பிறகுதான் “சொல்லுட்டி” என்றார்.

அவள் சொல்லி முடித்தாள். அடுத்து யாரிடம் போவது என்று டீச்சருக்கு அப்போதும் தெரியவில்லை.