ஒரு வயது கூடிப்போன பிட்ச்சர்

பணிப்பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியைத் திருத்த விரும்பும் ஊழியர், பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் வரும் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படமாட்டா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகங்களில் உட்கார்ந்து, இந்த ஒரு விதியைக் காட்டியே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு இதே விதிக்கு எதிராக நானே ஒரு மனு எழுதினேன். அதுவும் வெனிசுலா நாட்டுப் பேஸ்பால் பிட்ச்சர் ஒருவருக்காக. என்னுடன் வேலை பார்த்தவர்களிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பிட்ச்சர் என்றால் அந்த ஆட்டத்தில் பந்தை எறிகிறவர். ஆரம்பத்தில் எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

விஷயம் அக்கா மூலமாக வந்தது. நாங்கள் வரதராசன்பேட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா ஆரம்பப்பள்ளித் தலைமை ஆசிரியர். அக்கா இருபது வயதில் மடத்தில் சேர்ந்தாள். சபை அவளை வெனிசுலாவில் ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பியது. அங்கே பள்ளிக்கூடம் நடத்திவிட்டு வயதான பின் திரும்பி வந்து, இப்போது ஏலாக்குறிச்சி அருகே முதிய கன்னியர் இல்லத்தில் இருக்கிறாள். நான் பெரம்பலூர்வாசி. மாதம் ஒருமுறை அரியலூரில் பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்படிப் போன ஒருநாள் தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நெட்டையான ஒருவன், இடக்கையைப் பின்னால் வீசி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

"எங்கிட்டப் படிச்ச புள்ள. இன்னும் ஆட வெச்சிருக்காங்களா, வுட்டுட்டாங்களான்னு பாத்துச் சொல்லு. நீதான் எந்தக் காயிதத்தையும் தோண்டி எடுத்துருவியே."

"எதுக்கு?"

"பாரு. அப்புறம் சொல்றேன்."

பார்த்தேன். பார்க்கத் தொடங்கியதும் விட முடியவில்லை. பேஸ்பால்காரர்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஒவ்வொரு நகர்வையும் தேதி போட்டு இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பதினாறு வயதில் ஓர் அமெரிக்க அணியுடன் ஒப்பந்தம். கீழ்மட்ட அணியில் சேர்க்கை. பிறகு ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம், காயப் பட்டியல், விடுவிப்பு, இன்னோர் ஊரில் சேர்க்கை. மேல்மட்ட அணியில் அவன் இருந்தது ஒரு கோடைக்காலம்கூட முழுதாக இல்லை. இவ்வளவு ஒழுங்கான பணிப்பதிவேட்டை நான் எங்கள் மாவட்டத்தில் பார்த்ததில்லை. நடுவில் ஓர் அறுவை சிகிச்சை. வலது மணிக்கட்டில் இருந்த ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவில் உபரியாகக் கிடக்கும் பணியிடத்தை இன்னொரு பிரிவுக்கு மாற்றுவோமே, அதே நடைமுறை. அரசாணை மட்டும்தான் இல்லை.

இப்போது அவன் மெக்சிகோவில் ஓர் அணியில் இருந்தான். அங்கே இரவு ஆட்டம் நடக்கும்போது இங்கே காலை. காபியோடு உட்கார்ந்தால் நேரலையில் பார்க்கலாம். அவனுடைய வேகப்பந்து ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அதே கைவீச்சில் மெதுவான பந்து ஒன்றை எறிவான். மட்டைக்காரர் பந்து வருவதற்கு முன்பே சுற்றிவிட்டு நிற்பார். ஒரே வீச்சில் எப்படி இரண்டு வேகம் என்று தெரிந்துகொள்ள, வீட்டில் ஆரஞ்சுப் பழத்தை விதவிதமாகப் பிடித்துப் பார்த்தேன். என் மனைவி பழக்கூடையை உள்ளே எடுத்துப்போய் வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் அக்காவிடம் அறிக்கை சமர்ப்பித்தேன்.

"மெக்சிகோவுல ஆடறான். வயசு முப்பத்தஞ்சு. அடுத்த வருஷம் வெச்சுக்குவாங்களான்னு சந்தேகந்தான். அந்த வயசுல வுட்டுருவாங்க போலருக்கு."

"முப்பத்தஞ்சு இல்ல. முப்பத்திநாலு."

"அப்படித்தான் போட்டிருக்கு."

"போட்டிருக்கும். அந்தத் தேதிய எழுதினதே நாந்தான்."

பையனை அவன் அம்மா பள்ளியில் சேர்க்கக் கூட்டி வந்தபோது கையில் எந்தச் சான்றும் இல்லை. அக்கா, அப்பா செய்வதையே செய்தாள். கையைத் தலைக்கு மேல் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொன்னாள். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் கணக்கு. என் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்களாக ஆனது அப்படித்தான். அந்தப் பையன் இடக்கையைத் தூக்கினான். காதைத் தாண்டிக் கன்னம் வரைக்கும் கை போனது. அக்கா ஐந்து வயது வருகிற மாதிரி ஒரு தேதியைக் கணக்கிட்டு மையால் எழுதினாள். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா வந்து, பெரிய புயல் அடித்த வருஷம் பிறந்தவன், நாலுதான் ஆகிறது என்றாராம்.

"திருத்திருக்கலாமே?"

"அப்பா சொல்லுவாருல்ல, அட்மிஷன் ரிஜிஸ்டர்ல அடிச்சு எழுதக் கூடாதுன்னு. வுட்டுட்டேன். ஸ்கூல் சர்டிபிகேட்ட வெச்சுத்தான் பின்னாடி பிறப்பையே பதிஞ்சாங்க."

இணையப் பதிவேட்டில் நான் ஏற்கெனவே கவனித்த ஒன்று அப்போதுதான் விளங்கியது. ஒப்பந்தம் ஆன இரண்டாம் ஆண்டு, 'தடைப் பட்டியலில் வைக்கப்பட்டார்' என்று ஒரு வரி. அதன்பின் ஓர் ஆண்டு முழுக்க வெறுமை. காரணம் இல்லை. எங்கள் ஊரில் ஒரு கிராம உதவியாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால்கூடக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தருவோம்.

அந்தச் சமயம் அவன் வயதை விசாரிக்க இரண்டு பேர் பள்ளிக்கு வந்து சேர்க்கைப் பதிவேட்டைப் படம் எடுத்தார்களாம். இது உங்கள் கையெழுத்தா என்று அக்காவைக் கேட்டார்கள். ஆமாம் என்றாள். வேறு எதுவும் அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது சரியான நடைமுறைதான் என்றேன்.

"நடைமுறையக் கொண்டு ஒடப்புல போடு," என்றாள் அக்கா. "அந்த ஒரு வருஷம் என்னாலதான் போச்சான்னு எனக்குத் தெரியணும். அவன் ஆடறப்பவே தெரியணும். ஒரு வயசு கொறஞ்சா இன்னொரு வருஷம் வெச்சுக்குவாங்கல்ல? எழுது. என்னா எழுதணுமோ எழுது."

எழுதினேன். கண் பரிசோதனைக்குப் பெரம்பலூர் வந்த அக்காவை, தேதியைத் தவறாக எழுதியது தான்தான் என்று அவள் உறுதி சொல்லும் பத்திரத்தோடு நோட்டரியிடம் அழைத்துப்போனேன். அவர் பத்திரத்தைப் படிக்காமலே கேட்டார்.

"என்னா சார், நிலமா?"

"இல்ல, வயசு."

"யாரு வயசு?"

"பேஸ்பால் ஆடறவரு."

அவர் அக்காவின் வெள்ளை உடுப்பை மேலும் கீழும் பார்த்தார். "சிஸ்டர், நீங்களா ஆடறீங்க?"

"இல்ல தம்பி. நான் ஸ்கோர் எழுதினவ. தப்பா எழுதிட்டேன்."

உறுதிமொழிப் பத்திரத்துடன் அக்கா ஸ்பானிய மொழியில் ஒரு கடிதம் வைத்தாள். அதில் இருந்தது ஒரே கேள்வி. அணியின் முகவரிக்கு, பிட்ச்சரின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவேண்டிய முகவரியாக என் வீட்டைக் கொடுத்தேன். இணையத்தில் தேடினால் கடிதம் மெக்சிகோ போய்ச் சேர்ந்ததாகத் தெரிந்தது. அதோடு சரி. முதல் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாவது அனுப்பினேன். மூன்றாவதை அணி மேலாளரின் சொந்தப் பெயருக்கே நேர்முகக் கடிதமாக, அதாவது டி.ஓ. லெட்டராக அனுப்பினேன். எங்கள் காலத்தில் நேர்முகக் கடிதம் போனால் மேசையில் இருப்பவர் எழுந்து நிற்பார்.

ஆகஸ்டில் ஒரு காலை, அவன் எறிந்த மூன்று பந்துகளை வரிசையாக அடித்துவிட்டார்கள். பயிற்சியாளர் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். அவன் தலையைக் குனியாமல் வெளியே போனான். இரண்டு நாள் கழித்துப் பதிவேட்டில் 'விடுவிக்கப்பட்டார்' என்று வந்தது. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"கடுதாசி அவன் கைக்குப் போச்சா?" என்றாள்.

"தெரியல. போயிருந்தாலும் இனிமே அந்தப் பத்திரத்தால பிரயோஜனம் இல்லக்கா. கோப்ப முடிச்சுடலாம்."

"பதில் வராம எப்படிடா முடிப்ப?"

விதிப்படி அவள் சொன்னதுதான் சரி.

ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து ஒரு காலை, ஸ்பெயின் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று வந்தது. அனுப்புநர் முகவரி வெனிசுலா. யாரோ உறவினர் அங்கிருந்து கொண்டுபோய் ஸ்பெயினில் போட்டிருக்க வேண்டும். பிரிக்காமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூர் வரைக்கும் புரட்டாசிச் சனிக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் போகும் கூட்டம், நின்றுகொண்டே போனேன்.

அக்கா முதலில் தனக்குள் படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

ஆமாம் சிஸ்டர், அந்த ஆண்டு அந்தத் தேதியால்தான் போனது. அமெரிக்கா போக விசாவுக்காக விசாரித்தபோது அம்மா ஒரு வயது சொன்னார், உங்கள் பதிவேடு இன்னொன்று சொன்னது. உங்கள் எழுத்து அழகாக இருந்ததால் அதை நம்பினார்கள். மகனுக்காக அம்மா பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினார்கள். அந்த ஆண்டு மாமாவின் படகில் மீன் பிடித்தேன். உங்கள் மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. பத்திரம் கைக்கு வந்தபோது அணி என்னை விட்டுவிட்டிருந்தது. ஊருக்கு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார்.

அக்கா கடிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"அவன் ஒரு வருஷத்தையே நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "அந்தப் பொம்பளையப் பொய்க்காரியாக்குனத நான் யோசிக்கவே இல்லையே."

நான் பேனாவை எடுத்து, உறையின் மூலையில், பெறப்பட்ட நாள் என்று போட்டு எழுதினேன்: அக்டோபர் நான்கு, சனிக்கிழமை.