கோபித்துக்கொண்டு போக இன்னொரு வீடு

ஆள் ஒல்லி. காற்று பலமாக அடித்தால் கார் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. அப்படிப்பட்டவருக்கு ‘டபுள்’ என்று பெயர் வைத்திருந்தது ரயில் நிலையத்துப் பின்வாசல் டாக்ஸி ஸ்டாண்டு. காரணம், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அவர் மாட்டி வைத்திருந்த இரண்டு போன்கள். ஒன்றில் சிவப்புக் கம்பெனியின் ஆப், மற்றதில் நீலக் கம்பெனியின் ஆப். கம்பெனிகளுக்கு வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. ஸ்டாண்டில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. சிவப்பு, நீலம், அவ்வளவுதான்.

இரண்டு போன் வைத்திருந்தவர்கள் வேறு பலரும் உண்டு. ஆனால் ‘கோச்சுக்கறது’ என்று ஸ்டாண்டில் சொல்லப்பட்ட வேலையில் டபுளை மிஞ்ச ஆள் கிடையாது. சிவப்பு குறைந்த கூலிக்குச் சவாரி கொடுத்தால் எடுக்க மாட்டார். மணி அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு, அந்த ஆப்பை அணைத்துவிட்டு, நீலத்தில் ஓட்டுவார். கொஞ்ச நாளில் சிவப்பு கெஞ்ச ஆரம்பிக்கும். ‘உங்களைக் காணாமல் தவிக்கிறோம்’ என்று செய்தி வரும், கூடவே கூடுதல் கூலி வரும். பெரிய மனது பண்ணித் திரும்பிப் போவார். பிறகு நீலத்தோடு கோபித்துக்கொள்வார்.

“மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி இருக்கணும்டா. தட்டுல என்ன விழுந்தாலும் திங்கறவன யாரு கவனிப்பா? எந்திரிச்சுப் போறவனத்தான் கைய புடிச்சு உக்கார வெப்பாங்க” என்பார். டீக் கடையில், சலூனில், சவாரி ஏறுகிறவர்களிடம், எங்கும் அவருக்கு ஒரே பேச்சுதான்: “எங்கிட்ட எவன் பாச்சாவும் பலிக்காது. ஒருத்தன் சரியில்லன்னா இன்னொருத்தன்கிட்ட போயிட்டே இருப்பேன்.”

அதைச் சொல்லும்போது அந்த ஒல்லி உடம்பு ஒரு சுற்றுப் பருக்கும்.

வீட்டில் அவர் மனைவி, “எங்கிட்ட மட்டும் ஒரு நாளும் கோச்சுக்க மாட்டேங்கறாரே” என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

“ஏன்னா அவருக்குப் போக வேற வீடு இல்லம்மா” என்பாள் மகள். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். பொருளாதாரம் படித்திருந்தாள். அப்பா செய்வதற்குப் பாடப் புத்தகத்தில் பெயர் இருப்பதாக ஒருமுறை சொன்னாள். போட்டி இருக்கிற சந்தையில் தொழிலாளியின் கை ஓங்கும் என்று ஏதோ விளக்கினாள். டபுளுக்குப் பாதிதான் புரிந்தது. புத்தகத்தில் தான் இருக்கிறோம் என்கிற பாதி.

பிறகு ஒரு நாள் சிவப்பு நீலத்தை வாங்கிவிட்டது.

ஸ்டாண்டில் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் மாறவில்லை, நிறம் மாறவில்லை, இரண்டு போனிலும் இரண்டு ஆப்பும் அப்படியே இருந்தன. “முதலாளி யாரா இருந்தா நமக்கென்ன, டயர் தேயறது நம்முது” என்றார் ‘மீட்டர்’. ஆப் எல்லாம் வருவதற்கு முன்பிருந்து டாக்ஸி ஓட்டுகிறவர் அவர். எதைப் பேசினாலும் மீட்டர் போட்ட காலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதால் வந்த பெயர்.

முதலில் கூலி குறைந்தது. டபுள் சிரித்துக்கொண்டே சிவப்போடு கோபித்துக்கொண்டார். நீலத்துக்குப் போனார். நீலத்திலும் அதே கூலி. சரி, இவனுக்கும் கொழுப்பு ஏறிவிட்டது என்று நீலத்தோடும் கோபித்துக்கொண்டார். இரண்டையும் அணைத்துவிட்டு, காரைத் துடைத்தார், இருக்கை உறைகளைத் துவைத்துப் போட்டார், மனைவியைக் கிண்டல் செய்தார், கெஞ்சல் செய்திக்காகக் காத்திருந்தார். செய்தி வந்தது. கெஞ்சல் இல்லை. ‘நீங்கள் அடிக்கடி சவாரிகளை மறுப்பதால் உங்கள் முன்னுரிமை குறைக்கப்படுகிறது.’ இரண்டு போனிலும், ஒரே நொடியில், ஒரே வாக்கியம்.

அதோடு சவாரி வறண்டது. பக்கத்தில் நிற்கும் மீட்டரின் போன் அடிக்கும், இவருடையது ஊமையாக இருக்கும். கோபித்துக்கொள்ளவே தெரியாதவர்கள் பிழைத்தார்கள். அதில் கைதேர்ந்தவருக்குத்தான் பெரிய அடி.

கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் மகள் வயதில் ஒரு பெண்.

“சார், சிஸ்டம்தான் முடிவு பண்ணுது. என்னால மாத்த முடியாது.”

“சிஸ்டத்த யாரும்மா மாத்துவாங்க?”

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. “தெரியல சார்” என்றாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மகள் அந்தச் செய்தியோடு வந்தாள். இரண்டு கம்பெனிகளும் ஒன்றானது சரியா என்று அரசின் போட்டி ஆணையம் விசாரிக்கப்போகிறது, ஓட்டுநர்கள் நேரில் வந்து சொல்லலாம். ஆணையம் நினைத்தால் இரண்டையும் மறுபடி பிரித்துவிடும்.

“பிரிச்சுட்டா?”

“பழையபடி ரெண்டு பேரும் உங்கள வேற வேற ஆளா பாப்பாங்கப்பா. நீங்க திரும்ப ஓட்டலாம்.”

“நான் போய்ப் பேசினேன்னு தெரிஞ்சா இருக்கறதையும் புடுங்கிடுவானுங்களே?”

“தெரியலப்பா. புடுங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு” என்றாள். சொல்லிவிட்டு, சட்டம் இருக்கிறது என்பதைத் தான் படித்திருக்கிறோமே தவிர அது நடந்து பார்த்ததில்லை என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டாண்டில் கேட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை. “நீதான்பா பேசத் தெரிஞ்சவன். போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வா” என்று தட்டிக்கொடுத்தார்கள். தட்டிக்கொடுத்தவர்களின் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன.

விசாரணை நாளில் மடிப்புக் கலையாத சட்டை. சட்டைப் பைக்குள் இரண்டு போன்கள், அத்தாட்சியாக. ஒரே கூலி இரண்டிலும் வருவதைக் காட்டலாம் அல்லவா? மகள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பேசக் கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. ஆணையத்தின் தலைவி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். வீட்டில் மகளோடு ஒத்திகை பார்த்திருந்தபடியே டபுள் சொன்னார். முன்பு இரண்டு கூலி, இப்போது ஒரே கூலி. இங்கே மறுத்தால் அங்கே அடி. போன்களை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தலைவி எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. மாப்பிள்ளையை வரவேற்பது போலச் சிரித்தார்.

“ஒரே தெருவுல ரெண்டு டீக் கடை. ரெண்டுலயும் டீ ஒரே விலை. அதனால ரெண்டும் ஒரே முதலாளிதுன்னு சொல்லிடலாமா சார்?”

“அப்படி இல்ல சார், ஆனா…”

“சரி விடுங்க. நீங்க அனுபவசாலி. இத்தன வருஷமா ஓட்டறீங்க. விவரம் தெரியாத ஆள ஏமாத்தற மாதிரி உங்கள யாராவது ஏமாத்திட முடியுமா?”

சவாரி காய்ந்துபோன இந்த நாட்களில் டபுளிடம் யாரும் இப்படிப் பேசியிருக்கவில்லை. ஸ்டாண்டில் பரிதாபமாகப் பார்த்தார்கள், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் சார் சார் என்று விரட்டினாள். இங்கே, இத்தனை பேர் நடுவில், கறுப்புக் கோட்டு போட்டவர் கெட்டிக்காரர் என்கிறார். டபுளின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“என்னையா? அதெல்லாம் நடக்காது சார்.”

“அதானே! ரெண்டு போன் எதுக்கு வெச்சிருக்கீங்க?”

எத்தனையோ முறை கேட்கப்பட்ட கேள்வி. பதில் நாக்கின் நுனியிலேயே குடியிருந்தது.

“எங்கிட்ட எவன் பாச்சாவும் பலிக்காது சார். ஒருத்தன் சரியில்லன்னா இன்னொருத்தன்கிட்ட போயிட்டே இருப்பேன்.”

அறையில் சிலர் சிரித்தார்கள். டபுளும் சிரித்தார். மகளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“நன்றி. வேற கேள்வி இல்ல” என்று வக்கீல் உட்கார்ந்தார்.

“இல்லம்மா, அது முன்ன, இப்ப போறதுக்கு…” என்று டபுள் தலைவியைப் பார்த்து ஆரம்பித்தார். விட்டுப்போனதை எழுத்தில் கொடுங்கள் என்றார் தலைவி, கனிவாகத்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவரே கேட்டார். “தப்பா சொல்லிட்டேனா கண்ணு?”

“நீங்க பொய் ஒண்ணும் சொல்லலப்பா. சிவப்பு நீலத்த வாங்கற வரைக்கும் அது நெஜம்தான். ஒரு போன வீட்லயே வெச்சிட்டு வரச் சொல்லியிருக்கணும் நான். எனக்குத் தோணவே இல்ல” என்றாள்.

“சொல்லியிருந்தாலும் வெச்சிருக்க மாட்டேன்” என்றார் அவர். எழுத்தில் கொடுக்க வேண்டியதை அன்று மாலையே மகள் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். அனுப்பினார்கள்.

ஆணையத்தின் உத்தரவு வந்தபோது ஸ்டாண்டில் பகல் வெயில். மகள் தான் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து போனில் படித்துச் சொன்னாள். இணைப்பில் தலையிடத் தேவையில்லை. ஓட்டுநர்கள் இரண்டு செயலிகளையும் வைத்துக்கொண்டு விருப்பம்போல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறார்கள், இதை ஓட்டுநர் ஒருவரே எங்கள் முன் உறுதி செய்தார். எழுத்தில் கொடுத்ததைப் பற்றி? கவனத்தில் கொள்ளப்பட்டது.

“என் பேரு போட்டிருக்கா?”

“இல்லப்பா.”

அதில் நிம்மதிப்படுவதா, வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் சிவப்போடு கோபித்துக்கொண்ட காலத்தில் அது கெஞ்சியதெல்லாம் அவருக்காகத்தானா? நீலம் என்று ஒன்று எதிரில் நின்றதற்காகக் கெஞ்சியதை, தன் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தோமோ?

மீட்டர் வந்து பக்கத்தில் நின்றார். உத்தரவைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. “விடு டபுள். நீ சொல்லலன்னாலும் அவனுங்க வேற எவன் வாயிலயாவது புடுங்கியிருப்பானுங்க” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான்.

மறுநாள் காலை டபுள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீலப் போனை மாட்டியிருந்த தாங்கியைக் கழற்றினார். இனி இது எதற்கு? கழற்றிய இடத்தில் டேஷ்போர்டு மங்காமல் சதுரமாகப் பளபளத்தது. துணியால் துடைத்தார். போகவில்லை, அது அழுக்கு இல்லையே.

நீலத்தை அணைத்து மதியம்கூட ஆகவில்லை. சிவப்பில் செய்தி வந்தது. ‘எங்கள் குழுமத்தின் மற்றொரு செயலியில் நீங்கள் செயலற்று இருக்கிறீர்கள். முன்னுரிமை மேலும் குறையாமலிருக்க, இரண்டையும் இயக்கத்தில் வைக்கவும்.’

இரண்டு முறை படித்தார். பிறகு கதவு இடுக்கில் போட்டு வைத்திருந்த ஸ்க்ரூக்களைத் தேடி எடுத்து, நீலத்தை அதே சதுரத்தின்மேல் மறுபடி முறுக்கினார்.

நெடுநேரம் கழித்து ஒரு சவாரி வந்தது. இரண்டு போனும் சேர்ந்து அடித்தன. ஒரே முகவரி, ஒரே கூலி. சிவப்பைத் தொட்டார். நீலம் தானாக அடங்கியது.

மருத்துவமனை வாசலில் ஏறிக்கொண்டவர் பேச்சுப் பிரியர். உட்கார்ந்ததும் முன்பக்கம் எட்டிப் பார்த்தார். “அடேயப்பா, ரெண்டு போனா? கெட்டிக்காரர்தான் நீங்க. ஒருத்தன் இல்லன்னா இன்னொருத்தன், என்ன?”

டபுளின் முதுகு பழக்கதோஷத்தில் நிமிர்ந்தது. வாய் திறந்தது.

“பெல்ட்ட போட்டுக்குங்க சார்” என்றார்.