அடுப்பைப் பற்றவைக்கும் முன்

எனக்குப் பொறுமை கிடையாது. பாலக்கரையில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு நான்தான். "பொம்பளையா ரிப்பேர் பண்றீங்க?" என்று கேட்பவர்களிடம், "ஏன், சமைக்க மட்டும்தான் பொம்பளையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பர்னரைக் கழற்றுவேன். கிழிந்த டியூபில் டேப்பைச் சுற்றி ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்கள். இரவில் ரெகுலேட்டரை மூடும் வழக்கமே பாதி வீடுகளில் இருக்காது. அந்த எரிச்சல் தாங்காமல்தான், தீயணைப்பு நிலையத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தேன்.

ஆறு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாகப் போவோம். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் எரிகிற சிலிண்டரின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவார். கைதட்டல் எல்லாம் அவருக்குத்தான். அதற்கு முன்னால் வரும் கேஸ் கசிவுப் பாடம் என்னுடையது. வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாதீங்க, ஃபேன் போடாதீங்க, ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க, வெளியே வந்து போன் பண்ணுங்க. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படுத்துக் கிடக்கும், அதனால் குனிந்து மோந்து பாருங்க. இதைச் சும்மா சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். திறந்த வெளியில், அக்கம்பக்கத்தில் ஒரு பொறிகூட இல்லாதபோது, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்வேன். டியூப் வழியாக ஒரே ஒரு நொடி கேஸை விட்டு மூடுவேன். வாடை வந்தவர்கள் கையைத் தூக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு காலி மனையில் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே, மடிசார் கட்டிய ஒரு மாமி. பக்கத்தில் அவருடைய கணவர், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி வீட்டிலேயே தளிகை செய்து, அமாவாசைக்கும் துவாதசிக்கும் நாலைந்து வீடுகளுக்கு விலைக்குக் கொடுப்பவர் என்று ஏற்பாடு செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சமையலை அந்த வீடுகளில் தளிகை என்பார்கள்.

கேஸை விட்டேன். பின்வரிசையிலிருந்துகூடக் கைகள் எழுந்தன. ரெண்டு முழத்தில் உட்கார்ந்திருந்த மாமியின் கை எழவில்லை. பிறகு ஒரு கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தூக்கினார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. மைக்கிலேயே சொன்னேன்:

"என்ன மாமி, மூக்கை வீட்ல வச்சுட்டு வந்துட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். மைக்கைக் கொடு என்பதுபோல் கையை நீட்டினார்.

"எனக்கு வாசனை தெரியாது" என்றார். "அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்துட்டுப் போனதுலேர்ந்து. நாலு வருஷமாறது."

அவர் கணவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. அவருக்கே தெரியாது.

"தினமும் சாத்துமது நன்னா இருக்குன்னு சொல்லிண்டிருந்தேனே" என்றார், கூட்டம் இருப்பதையே மறந்து. சாத்துமது என்பது அவர்கள் வீட்டு ரசம்.

"அதை வச்சுண்டுதானே அளவு பார்த்துண்டிருந்தேன்" என்றார் மாமி.

கூட்டம் முடிந்ததும் மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்போது மீதியைச் சொன்னார். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணும்வரை, அதாவது படைக்கும்வரை, தளிகையை ருசி பார்ப்பதோ மோந்து பார்ப்பதோ அந்த வீட்டில் கிடையாது. கை அளவுதான், கண் அளவுதான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெளியே தெரிந்தால், வாசனை தெரியாதவள் செய்ததை யார் வாங்குவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு மடியாகத் தளிகை உள்ளுக்குள், அதாவது சமையலறைக்குள், போனால் அப்புறம் யாரும் உள்ளே வர மாட்டார்கள், அவரைத் தொட மாட்டார்கள். கதவு சாத்தியிருக்கும்.

"தீப்பெட்டியை எடுக்கறச்சே எல்லாம் கண்ணை மூடிண்டு பெருமாளேம்பேன். அப்புறம் கிழிப்பேன்" என்றார்.

நாலு வருஷம். நான் சிலிண்டரோடு பிறந்து வளர்ந்தவள். தெரு முழுக்க, கசிவு என்றால் வாடை வரும், வாடை வந்தால் இன்னின்னது செய் என்று கத்திக்கொண்டு திரிந்தேன். வாடையே வராத ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பாடத்தில் அவருக்கென்று ஒரு வரிகூட இல்லை. நாலைந்து வீட்டு வருமானம் போனாலும் போகட்டும் என்று அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லியிருக்கிறார். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். இது நிச்சயம்.

மறுநாளே கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அடுப்புக்குக் கீழே, தரையை ஒட்டி மாட்டிக் கொடுத்தேன். மாமியின் கணவர், அந்த மாமா, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, இது கரண்ட்லதானே ஓடறது?"

"ஆமாங்க மாமா."

"அப்போ நானும் இருக்கேன்" என்றார். அவர் என்ன சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ரெண்டு மாதம் கழித்து, விடியற்காலை ஐந்து மணிக்கு மாமா போன் செய்தார். குரலில் பதற்றமே இல்லை. "வாடை வரது. ரெகுலேட்டரை மூடிட்டோம். ஜன்னலைத் திறந்துட்டோம். ஸ்விட்சைத் தொடலை. வாசல்ல நின்னுண்டு பேசறேன்." நான் மைக்கில் சொல்லியதெல்லாம், ஒன்று விடாமல். ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டுகையில்தான் கவனித்தேன், அந்தப் பக்கம் ஒரு விளக்குகூட எரியவில்லை. கரண்ட் இல்லை. கருவி செத்துக் கிடந்திருக்கிறது.

ரெண்டு பேரும் தெருவில் நின்றிருந்தார்கள். மாமியின் கையில் தீப்பெட்டி இருந்தது. நன்றாக விடியும்வரை காத்திருந்தோம், வாடை முழுக்கப் போயிற்று. மாமி, "உள்ள வாம்மா. நான் இன்னொரு தரம் குளிச்சுக்கறேன்" என்றார். சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தேன். சிலிண்டருக்குப் பின்னால் டியூபை எலி கடித்திருந்தது. புதுசு மாட்டி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வராததைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

அவர்கள் இருவரும் மறுபடி குளித்து வரும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மாமி தளிகை உள்ளுக்குள் போய்த் தீப்பெட்டியோடு நின்றார். மாமா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். ஒரு முட்டியை ஊன்றினார், வலி முகத்தில் தெரிந்தது. இன்னொரு முட்டியையும் ஊன்றினார். ரெண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்துக் குனிந்து, மூக்கு வாசற்படியைத் தொடுகிற அளவுக்குப் போனார். பெருமாளை விழுந்து சேவிக்கிற மாதிரியே இருந்தது. அப்படியே மோந்தார். நிதானமாக, ரெண்டு மூன்று மூச்சு.

நான் சரிபார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் சோப்புத் தண்ணீரை அவர் நம்பவில்லை, நம்பத் தேவையும் இல்லை. அன்றைக்கு மட்டும் அல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளிலிருந்து ஒரு நாள் விடாமல் இப்படித்தான் என்று மாமி பிறகு சொன்னார். மாமாவுக்கு ஜலதோஷம் பிடித்தால் எதிர்வீட்டுப் பெண்ணைக் குளித்துவிட்டு வரச் சொல்வார்களாம். அவளும் கிடைக்காத நாளில் அடுப்பு கிடையாது, அவலும் தயிரும்தான் பெருமாளுக்கு.

மாமி குச்சியைப் பெட்டியோரம் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல அந்த உலகத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு மூக்கு, அதுவும் தரையில் கிடந்தது.

"ஒண்ணுமில்லை" என்றார் மாமா. "பத்த வை."

இந்தத் தடவை மாமி கண்ணை மூடவில்லை. குச்சியைக் கிழித்தார், நீலத் தீ வட்டமாகப் பிடித்தது. மாமாவால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டு போனேன், மடி என்று ஞாபகம் வந்து பாதியிலேயே நின்றுவிட்டேன். மாமியே அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து, அவர் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.